பதிவேடு திறந்திருக்கிறதா? – இணையச் சான்றிதழ்களும் இயங்குநேரக் கணக்கும்

முன்னுரை

வாணிகத்தின் வேர் நம்பிக்கை. கொடுப்பவரும் கொள்பவரும் ஒருவரையொருவர் நேரில் அறிந்திருந்த காலத்தில் அவ்வேர் ஊர் மண்ணிலேயே ஊன்றி நின்றது. நாமக்கல் மாவட்டத்தில் இராசிபுரத்தை அடுத்துள்ள வெண்ணந்தூரில் தறி வைத்திருந்தவர், நூல் வணிகரின் முகத்தையும் அவர்தம் தந்தையாரின் பெயரையும் அறிந்தே நூல் வாங்கினார். கடன் ஏட்டில் ஏறியது. ஏடு இருவர் கண்ணுக்கும் தெரிந்தது. இன்று அவருடைய மகன் தறிக்கூடத்தில் அமர்ந்தவாறே கைபேசியில் வங்கியின் இணையதளத்தைத் திறக்கிறார். சேலத்திலோ ஈரோட்டிலோ உள்ள நூற்கடைக்கு நொடிப்பொழுதில் பணம் அனுப்புகிறார். கைபேசியில் தோன்றும் பக்கம் வங்கியினுடையதுதானா, அன்றி வங்கியைப் போல் வேடமிட்ட வேறொருவருடையதா என்பதை அவர் எங்ஙனம் அறிவார்?

இவ்வினாவுக்கு விடையாக உலகம் முதலில் சான்றிதழை அமைத்தது. சான்றிதழ் பிழைத்தபோது அதனைக் காட்டிக்கொடுக்கும் பொதுப் பதிவேட்டை அமைத்தது. அப்பதிவேடு ஒழுங்காகத் திறந்திருக்கிறதா என்பதை அளந்து, அந்த அளவையும் ஊரறிய வெளியிடும் வழக்கம் இப்போது ஏற்பட்டுள்ளது. இம்மூன்று படிகளையும், குறிப்பாக மூன்றாம் படியின் இன்றியமையாமையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றிதழ் என்பது யாது?

நாம் ஓர் இணையதளத்தைத் திறக்கும்பொழுது, அத்தளம் நம் உலாவிக்கு ஒரு மின்னணுச் சான்றிதழைக் காட்டுகிறது. தளத்தின் பெயர், அதனுடன் மறைவாகப் பேசுவதற்கான பொதுத் திறவி, சான்றிதழின் காலவரை, அதனை வழங்கியவரின் மின்கையொப்பம் ஆகியன அதில் அடங்கியிருக்கும். வழங்கியவர் சான்றளிக்கும் நிறுவனம் எனப்படுவர். அந்நிறுவனத்துக்கு மேலே அதற்கு அதிகாரம் தந்த மற்றொரு நிறுவனம் இருக்கலாம். இச்சங்கிலியின் முடிவில் நிற்பது வேர்ச்சான்றிதழ். உலாவியும் கணினியின் இயக்கமுறைமையும் தாம் ஏற்கும் வேர்ச்சான்றிதழ்களின் பட்டியலை முன்னரே தம்முள் வைத்துள்ளன. சங்கிலி அப்பட்டியலைச் சென்றடைந்தால் உலாவி பக்கத்தைத் தடையின்றிக் காட்டும். அடையாவிடில் எச்சரிக்கை செய்யும்.

ஹதீஸ் கலையை அறிந்தோருக்கு இவ்வமைப்பு புதிதன்று. ஒரு செய்தியை இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார், அவரிடமிருந்து இன்னார் கேட்டார் என நபித்தோழர் வரை சென்று, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை அடையும் அறிவிப்பாளர் தொடரை இஸ்னாத் என்பர். தொடரில் ஒருவர் நம்பத்தகாதவராயின் செய்தி தளர்ந்துவிடும். மின்னணுச் சான்றிதழுக்கும் இவ்விதி பொருந்தும். தொடரில் உள்ள ஒரு நிறுவனம் பிழை செய்தாலும், பகைவர் கையில் சிக்கினாலும், பொய்ச் சான்றிதழ் மெய்ச் சான்றிதழின் கோலத்தில் உலவத் தொடங்கும்.

இரண்டு நிகழ்ச்சிகள்

இந்த அச்சம் கற்பனையன்று. 2011-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் டிஜிநோட்டார் என்னும் சான்றளிக்கும் நிறுவனத்தின் கணினிகளுக்குள் அயலார் புகுந்து, ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கினர். கூகுளின் பெயரில் உண்டாக்கப்பட்ட சான்றிதழைக் கொண்டு ஈரான் நாட்டு மக்களின் மின்னஞ்சல் போக்குவரத்து ஒற்றறியப்பட்டது. ஏறத்தாழ 3 இலட்சம் இணைய முகவரிகள் இதற்கு இலக்காயின எனப் பின்னர் நடந்த ஆய்வு தெரிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அந்நிறுவனம் திவாலானது.

இரண்டாம் நிகழ்ச்சி நம் நாட்டைச் சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, சான்றளிக்கும் நிறுவனங்களை மேற்பார்வையிடக் கட்டுப்பாட்டாளர் ஒருவர் நடுவண் அரசால் அமர்த்தப்பட்டுள்ளார். நாட்டின் வேர்ச்சான்றிதழ் அவ்வலுவலகத்தினுடையது. அதன் கீழ்த் தேசியத் தகவலியல் மையம் சான்றிதழ்களை வழங்கி வந்தது. 2014 சூலை 2-ஆம் நாள், தன் தளப்பெயர்களுக்குத் தன் இசைவின்றிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் நிறுவனம் அறிந்தது. அவை அம்மையத்தின் தொடரில் பிறந்தவை. விண்டோஸ் இயக்கமுறைமை இந்திய வேர்ச்சான்றிதழை ஏற்றிருந்தமையால், அவ்வகைக் கணினிகளில் பல செயலிகள் அப்பொய்ச் சான்றிதழ்களை மெய்யென்றே கொண்டிருக்கும். மறுநாளே கட்டுப்பாட்டாளர் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை நீக்கினார்.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சான்றிதழ் வழங்கும் முறை ஊடுருவப்பட்டதென்றும், பொய்ச் சான்றிதழ்கள் நான்கே என்றும், அவற்றுள் மூன்று கூகுளுக்கும் ஒன்று யாகூவுக்கும் உரிய தளங்களின் பெயரில் அமைந்தவை என்றும் கட்டுப்பாட்டாளரின் விசாரணை முடிவு தெரிவித்தது. ஆயினும், அந்த நான்கில் அடங்காத வேறு பொய்ச் சான்றிதழ்களையும் தாம் கண்டிருப்பதாகவும், ஆகவே ஊடுருவலின் முழு அளவு தெரியவில்லை என்றும் கூகுள் அறிவித்தது. இதன் விளைவாக அந்நிறுவனத்தின் உலாவி, இந்திய வேர்ச்சான்றிதழை அரசுத் தளங்கள் உள்ளிட்ட ஒருசில தளப்பெயர்களுக்கு மட்டுமே செல்லும்படி வரையறுத்தது. பிழை நேர்ந்த தரப்பிலிருந்தே கூறப்படும் எண்ணிக்கை போதாது என்பதும், ஒப்பிட்டுப் பார்க்கப் பொது ஏடு ஒன்று இல்லாவிடில் நாட்டின் நற்பெயரே குறைவுபடும் என்பதும் அந்நிகழ்ச்சி தந்த பாடங்களாம்.

பொதுப் பதிவேடு தோன்றுதல்

டிஜிநோட்டார் நிகழ்ச்சிக்குப் பின், பென் லாரி, ஆதம் லாங்லி, எமிலியா காஸ்பர் ஆகிய கூகுள் நிறுவன அறிஞர்கள் ஒரு புதிய முறையை வகுத்தனர். 2013 சூன் திங்களில் அது இணையத்துக்கான நெறியேடுகளுள் ஒன்றாக வெளிவந்தது. சான்றிதழ் வெளிப்படைமை என்பது அம்முறையின் பெயர். அதன் கருத்து எளியது. வழங்கப்படும் சான்றிதழ் ஒவ்வொன்றும் யாவரும் படிக்கத்தக்க பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாத சான்றிதழை உலாவி ஏற்கலாகாது.

இத்தகைய ஏட்டுக்கு மூன்று பண்புகள் வேண்டும். யாவரும் படிக்க இயலவேண்டும். புதிதாகச் சேர்க்க மட்டுமே இயலவேண்டும். முன்பு எழுதியதை எவரும், ஏட்டை வைத்திருப்பவரேயாயினும், அழிக்கவோ மாற்றவோ இயலாதிருக்க வேண்டும். தமிழகம் இத்தகைய ஏட்டை அறியாததன்று. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்குரியர் அல்லர் என்னும் விதியைக் கல்லிலேயே வெட்டி வைத்தன. கல்லில் வெட்டியதைத் திருத்தினால் தழும்பு தெரியும். கணினியின் எழுத்துக்கோ தழும்பில்லை. திருத்தினால் திருத்திய சுவடே தோன்றாது. ஆகவே அத்தழும்பைக் கணிதத்தால் உண்டாக்க வேண்டியதாயிற்று.

அதற்குத் துணைநின்றது ரால்ஃப் மெர்க்கில் என்னும் அறிஞர் 1979-இல் உருவாக்கிய மர அமைப்பு. ஒவ்வொரு பதிவுக்கும் கைரேகை போன்ற ஒரு சுருக்கெண் கணிக்கப்படும். இரண்டு சுருக்கெண்களைச் சேர்த்து மற்றொரு சுருக்கெண், அவை இரண்டைச் சேர்த்து இன்னொன்று என மேலேறி, முடிவில் ஏடு முழுமைக்கும் ஒரே தலைச்சுருக்கெண் கிடைக்கும். கோடிக்கணக்கான பதிவுகளுள் ஓர் எழுத்து மாறினாலும் அத்தலையெண் மாறிவிடும். பாவில் ஓரிழை அறுந்தாலும் நெய்த துணியில் அது தெரிவதை வெண்ணந்தூர் நெசவாளர் அறிவர். இஃதும் அன்னதே.

சான்றளிக்கும் நிறுவனம் தன் சான்றிதழைப் பதிவேட்டுக்கு அனுப்பினால், பதிவேடு உடனே கையொப்பமிட்ட ஒரு சீட்டைத் தருகிறது. குறித்த கெடுவுக்குள் இதனை ஏட்டில் ஏற்றுவேன் என்னும் உறுதிமொழியே அச்சீட்டு. முதலில் எழுந்த பதிவேடுகளில் அக்கெடு வழக்கமாக 24 மணி நேரம். உலாவி ஒரே பதிவேட்டின் சொல்லை மட்டும் நம்புவதில்லை. சான்றிதழின் காலவரைக்கு ஏற்ப இரண்டோ மூன்றோ பதிவேடுகளின் சீட்டுகளைக் கேட்கிறது. 2018 ஏப்ரல் 30-ஆம் நாளுக்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் அனைத்துக்கும் கூகுளின் குரோம் உலாவி இதனைக் கட்டாயமாக்கியது. அவ்வாண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனமும், 2025-இல் கணினிகளுக்கான ஃபயர்பாக்ஸ் உலாவியும் அவ்வழி வந்தன. கூகுள், கிளவுட்ஃபிளேர், டிஜிசெர்ட், செக்டிகோ, லெட்ஸ் என்கிரிப்ட், டிரஸ்ட்ஏசியா முதலியன இத்தகைய பதிவேடுகளை நடத்தி வருகின்றன.

இதன் பயன் விரைவிலேயே புலனாயிற்று. 2015 செப்டம்பரில், சைமான்டெக் நிறுவனத்தின் கிளையொன்று கூகுளின் பெயரில் இசைவின்றிச் சான்றிதழ் வழங்கியதைப் பதிவேடுகளே காட்டிக்கொடுத்தன. சோதனைக்காக வழங்கிய சான்றிதழ்கள் 23 மட்டுமே என அந்நிறுவனம் முதலில் கூறிற்று. பதிவேடுகளைப் புரட்டிய கூகுள், விடுபட்டவை மேலும் உள என எடுத்துக்காட்டியது. மீண்டும் தேடிய அந்நிறுவனம், 76 தளப்பெயர்களுக்கு உரிய 164 சான்றிதழ்களும், பதிவே செய்யப்படாத தளப்பெயர்களுக்கு உரிய 2,458 சான்றிதழ்களும் இருந்தமையை ஒப்புக்கொண்டது. நம் நாட்டு நிகழ்ச்சியில் நான்குக்கு மேல் எத்தனை என்னும் வினா விடையின்றி நின்றது. இங்கோ பொது ஏடு இருந்தமையால் விடை வெளிவந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு இதுவே.

நேர்மையும் நிலைமையும்

இனி, இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். பதிவேட்டை அழிக்க இயலாது என்பதைக் கணிதம் உறுதி செய்கிறது. ஆனால் பதிவேடு திறந்திருக்கும் என்பதைக் கணிதம் உறுதி செய்யாது. நியாயவிலைக் கடையின் முகப்பில் இருப்புப் பலகையும் நேரப் பலகையும் செம்மையாகத் தொங்கலாம். கடை பூட்டியிருந்தால் அட்டைதாரருக்கு அவற்றால் என்ன பயன்? பதிவேட்டின் வழங்கிக் கணினி இயங்காதபோது, சான்றிதழை ஏற்ற வந்த நிறுவனம் திரும்பிச் செல்லும். அதனினும் தீங்கானது, ஏட்டைப் படித்துப் பொய்ச் சான்றிதழைத் தேடும் கண்காணிப்பாளர் குருடராவது. கள்ளன் வரும் இரவில் மட்டும் அணைந்துவிடும் தெருவிளக்கு ஆண்டு முழுவதும் எரிந்ததாகக் கணக்குக் காட்டிப் பயனில்லை.

இவ்விடத்தும் ஹதீஸ் கலை நமக்கு ஓர் ஒளி தருகிறது. அறிவிப்பாளரை எடைபோட்ட அறிஞர் பெருமக்கள் இரண்டு தகுதிகளைத் தனித்தனியே நோக்கினர். ஒன்று அதாலத், அஃதாவது நேர்மை. மற்றொன்று ளப்த், அஃதாவது கேட்டதை வழுவாமல் காத்துச் சொல்லும் திறன். நேர்மையாளர் ஒருவர் முதுமையில் நினைவு தடுமாறினால், அதனை இக்திலாத் எனக் குறித்து வைத்தனர். அதா இப்னு ஸாயிப் என்பாரைப் பொறுத்தவரை, தடுமாற்றத்துக்கு முன் அவரிடம் கேட்டவர் யாவர், பின் கேட்டவர் யாவர் எனப் பிரித்துப் பதிந்தனர். அது அவரைப் பழிக்கும் செயலன்று. கற்போரைக் காக்கும் செயல். பதிவேட்டுக்கும் நேர்மை வேறு, நிலைமை வேறு. முன்னதைக் கணிதம் சோதிக்கும். பின்னதை நாள்தோறும் அளந்துதான் அறிய வேண்டும்.

இயங்குநேரம் அளக்கப்படும் விதம்

பதிவேட்டுக்கு வாயில்கள் பல. சான்றிதழை ஏற்றும் வாயில் ஒன்று. தலைச்சுருக்கெண்ணைப் பெறும் வாயில் ஒன்று. பதிவுகளைப் படிக்கும் வாயில் ஒன்று. ஏடு திருத்தப்படவில்லை என்பதற்கான சான்றைக் கேட்கும் வாயில் மற்றொன்று. ஏற்றும் வாயில் திறந்திருந்து படிக்கும் வாயில் அடைத்திருந்தால், அப்பதிவேடு பாதி இயங்கியதாகாது. தன் கடமையில் தவறியதேயாம். ஆகவே ஒவ்வொரு வாயிலையும் தனித்தனியே, இடைவிடாது தட்டிப் பார்க்கும் கணினிகளைக் கூகுள் அமைத்துள்ளது. தட்டியவற்றுள் எத்தனை முறை முறையான விடை வந்தது என்பதே இயங்குநேர விழுக்காடாகும்.

குரோம் உலாவியின் விதிப்படி, 90 நாட்களில் 99 விழுக்காட்டுக்குக் குறையாமல் பதிவேடு இயங்க வேண்டும். 90 நாட்கள் என்பன 2,160 மணி நேரம். அதில் ஒரு விழுக்காடு 21 மணி 36 நிமிடம். ஒரே ஒரு நாள் முழுவதும் அடைத்துக் கிடந்தாலும் அளவு 98.9 விழுக்காடாகி, விதி மீறப்பட்டதாகிவிடும். கடுமையான விதிதான். எனினும் உலகம் முழுவதும் சார்ந்து நிற்கும் ஏட்டுக்கு இக்கடுமை வேண்டுவதே.

கெடு தவறினால் தன் வீட்டுப் பதிவேடென்றும் பாராமல் விதி நடந்ததுண்டு. 2016-ஆம் ஆண்டில் ஏவியேட்டர் என்னும் கூகுளின் சொந்தப் பதிவேடு, வந்து குவிந்த சான்றிதழ்களை 24 மணி நேரக் கெடுவுக்குள் ஏற்றத் தவறியது. அதனைக் கூகுளே முடக்கி, புதிய பதிவு ஏற்காததாக்கியது. 2021 சூன் இறுதியில் டிஜிசெர்ட் நிறுவனத்தின் யெட்டி 2022 என்னும் பதிவேட்டில் ஒரே ஒரு பிட் புரண்டது. வன்பொருட் பழுதோ, விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிரோ காரணமாகலாம் எனக் கருதப்பட்டது. எவரும் வேண்டுமென்று செய்ததன்று. ஆயினும் பழைய சுருக்கெண்ணோடு பொருந்தாத அப்பதிவேட்டைச் சீர்செய்ய வழியில்லாமையால் அது கைவிடப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளும் மறைக்கப்படாமல் பொதுவில் பேசப்பட்டமையாலேயே, முறையின்மீது நம்பிக்கை குன்றாமல் வளர்ந்தது.

அளவை வெளியிடுதல் ஏன்?

அளப்பது ஒன்று, அளந்ததை வெளியிடுவது மற்றொன்று. பதிவேடுதோறும், வாயில்தோறும் தான் கண்ட இயங்குநேரத்தைக் கூகுள் யாவரும் எடுத்துக்கொள்ளத்தக்க பட்டியலாக வெளியிட்டு வருகிறது. இதன் பயன்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, பதிவேடு நடத்துவோர்க்கு நீதி. தம்மை எந்த அளவுகோலால் அளக்கின்றனர், அன்றன்று தம் நிலை யாது என்பதை அறியாமல் ஒருநாள் திடீரெனத் தகுதி இழப்பது முறையன்று. அளப்பவரின் பாதையிலேயே பழுது ஏற்பட்டுத் தட்டிய ஓசை பதிவேட்டைச் சென்று சேராமலும் போகலாம். எண்கள் வெளியில் இருந்தால், நடத்துவோர் தம் கணக்கோடு ஒப்பிட்டு வாதிட இடமுண்டு.

இரண்டாவது, சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு வழிகாட்டல். அடிக்கடி அடைபடும் வாயிலை விட்டு, நிலையாகத் திறந்திருக்கும் பதிவேட்டை அவர்கள் தேர்ந்துகொள்ளலாம்.

மூன்றாவதே தலையாயது: அளப்பவரையும் அளத்தல். கூகுள் தானே பதிவேடு நடத்துகிறது. தானே உலாவி செய்கிறது. பதிவேடுகளைத் தானே அளந்து தீர்ப்பும் கூறுகிறது. இத்துணை அதிகாரம் ஒரே கையில் இருக்கும்பொழுது, தன் பதிவேட்டுக்குச் சலுகையும் பிறர் பதிவேட்டுக்குக் கண்டிப்பும் காட்டவில்லை என்பதற்கு வாய்மொழி போதாது. எண்களை வெளியிட்டால் எந்தப் பல்கலைக்கழகமும் தனியே அளந்து ஒப்பிட இயலும். திருக்குர்ஆனின் பகரா அத்தியாயத்து 282-ஆம் வசனம் கடனை எழுதி வைக்கவும் சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் பணிப்பது நாம் அறிந்ததே. இருவர் நல்லவராயிருப்பதனால் எழுத்து வேண்டாததாகிவிடவில்லை. நல்லவர்க்கிடையிலும் ஐயம் நுழையாதிருக்கவே எழுத்தும் சாட்சியும்.

இவ்வெண்ணின் எல்லையையும் நாம் உணர்தல் வேண்டும். 99.9 விழுக்காடு இயங்கிய பதிவேடு நேர்மையானது என்று அவ்வெண் கூறாது. திறந்திருந்தது என்று மட்டுமே கூறும். ஒருவருக்கு ஓர் ஏட்டையும் மற்றவருக்கு வேறோர் ஏட்டையும் காட்டும் வஞ்சனையைப் பிடிக்கத் தலைச்சுருக்கெண்களை ஒப்பிடும் கண்காணிப்பாளர் தனியே வேண்டும். இரண்டும் சேர்ந்தாலன்றிக் காவல் நிறையாது.

நம் கடமை

2023 ஆகஸ்டில் நடுவண் மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இந்திய உலாவி ஒன்றை உருவாக்கும் போட்டியை அறிவித்தது. கட்டுப்பாட்டாளரின் வேர்ச்சான்றிதழை அவ்வுலாவி ஏற்றிருக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. 2025 மார்ச்சில் வெளியான முடிவில், தமிழகத்தில் வேரூன்றிய ஜோஹோ நிறுவனத்தின் குழு முதற்பரிசு பெற்றது. நம் உலாவி நம் வேரை ஏற்பது பெருமைக்குரியதே. ஆனால் 2014-இல் நாம் இழந்தது தொழில்நுட்பத்தை அன்று, பிறர் நம்பிக்கையை. ஆணையால் ஏற்கப்படும் வேருக்கும் நம்பிக்கையால் ஏற்கப்படும் வேருக்கும் வேறுபாடு உண்டு. நம் சான்றிதழ்கள் ஒவ்வொன்றும் பொதுப் பதிவேட்டில் ஏறவேண்டும். நம் நாட்டில் பதிவேடு நடத்தப்படுமாயின் அதன் இயங்குநேரத்தை நடத்துவோரும், அவரைச் சாராத பிறரும் அளந்து வெளியிட வேண்டும். அப்போதுதான் உலகம் கேட்காமலே நம்பும்.

மாணவர்கள் இதனைத் தொலைவில் உள்ள செய்தியாகக் கருதற்க. பதிவேடுகளைத் தேடிப் பார்க்கும் தளங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நம் கல்லூரித் தளத்தின் பெயரை இட்டால், அப்பெயரில் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் அனைத்தும் வரிசையாகத் தோன்றும். நாம் கேட்டுப் பெறாத சான்றிதழ் ஒன்று அவ்வரிசையில் இருக்கிறதா என்று பார்ப்பது கணினித்துறை மாணவர் ஒருவருக்குச் சில நிமிட வேலை. இயங்குநேரப் பட்டியலைத் திங்கள்தோறும் எடுத்து வரைபடமாக்குவது நல்லதோர் ஆய்வுத் திட்டமாகும். இக்கலையைத் தமிழில் சொல்வதற்குரிய சொற்களை ஆக்கித் தருவது தமிழ்த்துறை மாணவர்தம் பங்காகும்.

முடிவுரை

ஜும்ஆத் தொழுகைக்குப் பின் ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கைப் பலகையில் ஒட்டி வைக்கும் வழக்கம் நம் ஊர்கள் பலவற்றில் உண்டு. பெரும்பாலோர் அதனை நின்று படிப்பதில்லை. எனினும் எவரும் எப்பொழுதும் படிக்கலாம் என்னும் நிலையே கணக்கு எழுதுவோரின் கையைச் செம்மையாக்குகிறது. அப்பலகை இருக்கும் அறை பூட்டியிருக்கலாகாது. பூட்டியிருந்தால், எத்தனை நாள் பூட்டியிருந்தது என்பதும் கணக்கில் ஏற வேண்டும். பதிவேட்டைத் திறந்து வைப்பதும், திறந்திருந்த நேரத்தைக் கணக்குக் காட்டுவதும் இவ்வறத்தின் விரிவேயாகும். வெண்ணந்தூர்த் தறிக்கூடத்தில் அமர்ந்து பணம் அனுப்பும் நெசவாளர் இப்பதிவேடுகளின் பெயரைக்கூட அறிந்திருக்க மாட்டார். அவர் உழைப்பின் ஊதியம் உரியவரிடம் சென்று சேர அவை காவல் நிற்கின்றன. அக்காவல் உறங்காதிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் கடமை கற்றவர்களாகிய நம்முடையது.